நாலு கிலோ ஈயம்

உக்காருங்க சார். அந்தச் சேர் வேண்டாங்க, அது ஒரு காலு நொண்டி. இக்கட்டால வாங்க. உங்க வண்டிக்கு முன்னால இன்னும் ரெண்டு நிக்குது, ஒரு மணி நேரம் ஆகும். ஸ்டியரிங் இடது பக்கமா இழுக்குதுன்னீங்க. இழுக்காம என்ன பண்ணும்? டயர் உள்பக்கம் பூராத் தேஞ்சு கெடக்குது. எத்தன மாசமா இப்படி ஓட்டறீங்க? எட்டு மாசமா? நல்லா இருக்குது போங்க. அது வண்டியாப் போனதால பொறுத்துட்டு இருக்குது. மனுசனா இருந்தா எப்பவோ கோவிச்சுட்டுப் போயிருப்பான்.

என்ன பாக்கறீங்க, பனியனா? ஆமாங்க, நிலக்கடலைதான். சாயம் போயிருச்சு. கீழ எழுத்து இருக்குது பாருங்க, ராஜலு ரேசிங்னு. கார் ரேஸ் டீமுங்க. கடலெண்ணெய்க் கம்பெனி ஒண்ணு எங்களுக்கு ஸ்பான்சர். அதனால கார் மூக்கு மேல இம்மாம்பெரிய நிலக்கடலை. மத்த டீம்காரனெல்லாம் புலி போடுவான், கழுகு போடுவான். நம்புளுது கடலை. டிராக்குல நம்ம கார் வந்தாப் போதும், பசங்க 'வறுத்த கடலை வருதுடா'ன்னு கத்துவானுங்க. அப்பவே தெரிஞ்சிருக்கோணும் இது உருப்படாதுன்னு.

நான் அந்த டீம்ல சீஃப் மெக்கானிக்குங்க. ஒரு வருசம் ரெண்டு வருசமில்ல, இருபத்திரண்டு வருசம். செட்டிபாளையம் டிராக்குல போயி ஆறுச்சாமின்னு கேட்டுப் பாருங்க, தெரியாதவன் இருக்க மாட்டான். இன்னைக்கு இந்தப் பள்ளத்துக்குள்ள எறங்கி ஊராமூட்டு வண்டிக்கு வீல் அலைன்மென்ட் பாத்துட்டு இருக்கறேன். என்ற தலையெழுத்துங்க அது.

டீம் யாருதுன்னு கேக்கறீங்களா? கோவிந்தராஜலுன்னு ஒருத்தரு, பம்புசெட்டு பவுண்டரி வெச்சிருந்தாரு சிங்காநல்லூர்ல. நல்ல மனுசன். நல்ல மனுசனுக்கு ரேஸ் எதுக்குங்க? பவுண்டரியில வார காசையெல்லாம் கொண்டாந்து டயர்ல தேச்சாரு. ஆரம்பத்துல ரெண்டாவது வந்தோம், மூணாவது வந்தோம். அப்புறம் அஞ்சாவது. அப்புறம் ஏழாவது, எட்டாவது. பதினாலு கார் ஓடற எடத்துல எட்டாவதுன்னா என்ன அர்த்தம்? முன்னால இருக்கறவனுக்கும் போட்டி இல்ல, பின்னால இருக்கறவனுக்கும் போட்டி இல்ல. கல்யாணப் பந்தியில நடு எலையில உக்காந்தவன் கதைதான். வடையும் அக்கட்டயே தீந்துரும், பாயசமும் இக்கட்டயே நின்னுரும்.

ஏன் அப்படி ஆச்சுன்னு எல்லாரும் ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. நான் சொல்றேன் கேளுங்க. மத்த டீம்காரனெல்லாம் வேகமாயிட்டான். நாங்க அப்படியேதான் இருந்தோம். எங்க வேலையில ஒரு கொறையும் கெடையாது. அத எப்படிங்க எங்க தப்புன்னு சொல்ல முடியும்?

டிரைவருங்களும் அப்படித்தான் வந்து வாய்ச்சானுங்க. ஒருத்தன் பிரேக் சரியில்லம்பான், ஒருத்தன் வளைவுல பின்பக்கம் வழுக்குதும்பான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம். நான் காரு மூக்கு மேல உக்காந்து ரெண்டு ஆட்டு ஆட்டிப் பாப்பேன். ஸ்பிரிங் என்ன சொல்லுதுன்னு என்ற இடுப்புக்குத் தெரியும். 'கார் சரியாத்தான் இருக்குது, நீ ஒழுங்கா ஓட்டு'ன்னு அனுப்பிருவேன்.

அப்பத்தான் ராஜலு சார் ஒரு பொண்ணக் கூட்டிட்டு வந்தாரு. சிந்துஜான்னு பேரு, உடுமலைக்காரப் பொண்ணு. ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் படிச்சுட்டு நேரா வருது. 'ஆறுச்சாமி, இது நம்ம டீம் இன்ஜினியர். இனி இது சொல்றபடி செட்டப் பண்ணலாம்'ங்கறாரு. என்ற மூத்த பொண்ணுக்கு இதவிட ரெண்டு வயசு சாஸ்தி. 'வா அம்மணி'ன்னேன். அவ்வளவுதான்.

அது வந்ததும் வராததுமா காரு பூரா வயரு. சக்கரத்துக்கு ஒரு சென்சாரு, ஸ்பிரிங்குக்கு ஒரு சென்சாரு. கார் ஓடி முடிச்சு வந்ததும் லேப்டாப்புல கோடு கோடாப் பாத்துட்டு உக்காந்திருக்கும். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்குங்க? ஒரு நாள் அதுல ஒரு வயரப் புடுங்கி விட்டேன். சும்மா, கண்டுபுடிக்குதான்னு பாக்கலாம்னுதான். ரெண்டு நிமிசத்துல வந்துருச்சு. 'அண்ணா, பின் இடது பக்கம் ஒரு வயரு கழண்டிருக்குது, கொஞ்சம் மாட்டி விடுங்களே'ன்னு சிரிச்சுட்டே சொல்லுது. கோபப்பட்டிருந்தாலாவது நானும் ரெண்டு பேசியிருப்பேன். அது சிரிச்சுப்போட்டுப் போயிருச்சு.

அதுகூடப் பரவாயில்லைங்க. ஒரு தாளு கொண்டாந்துச்சு பாருங்க. கார் ஷெட்ட உட்டு வெளிய போகறதுக்கு முன்னால ஒவ்வொண்ணாப் பாத்து டிக் பண்ணோணுமாம். நாப்பத்தியோரு வரி. பொண்ணு பாக்கப் போற எடத்துல கூட இத்தன கேள்வி கேக்க மாட்டாங்க. 'நீங்க பாத்துச் சொல்லுங்கண்ணா, நான் டிக் பண்ணி கையெழுத்துப் போட்டுக்கறேன்'னுச்சு. சரி, போட்டுக்கட்டும். நான் காரத் திரும்பிப் பாக்காமயே 'ஆச்சு, ஆச்சு, ஆச்சு'ம்பேன். நான் சொன்னா அது டிக் பண்ணிக்கும். என்ற வார்த்தைய அது ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்ல, அத மட்டும் சொல்லோணும்.

டீ குடிக்கறீங்களா? இங்க டீ நல்லா இருக்காது. வேண்டாம் உடுங்க.

கடைசி வருசம் டிரைவரு விஷ்வக்னு ஒரு பையன், திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் மகன். நல்லாத்தான் ஓட்டுவான். ஆனா ஆளு ஐம்பத்தியொரு கிலோ. ஆடிக் காத்துக்கு வெளிய அனுப்ப முடியாது. ரேஸ்ல ஒரு சட்டம் இருக்குதுங்க. காரும் டிரைவரும் சேந்து இத்தன கிலோவுக்குக் கொறையப்படாது. ஒல்லியான ஆள வெச்சு எவனும் லாபம் பாத்தரக் கூடாதுன்னு. கொறஞ்சா அந்தக் கொறைக்கு ஈயத்தகடு வெச்சு முடுக்கோணும். விஷ்வக்குக்காக, கொஞ்சம் கூடவே இருக்கட்டும்னு நாலு கிலோவுல ஒரு தகடு ஊத்தி, சீட்டுக்கு அடியில ரெண்டு போல்ட்டுப் போட்டு வெச்சிருந்தோம். நானே ஊத்துனது. நானே முடுக்குனது.

அந்த வருசம் கடலெண்ணெய்க் கம்பெனிக்காரன் வந்து ராஜலு சார்கிட்ட ஒரே வார்த்தையில சொல்லிப்போட்டான். சீசன் முடியறதுக்குள்ள ஒரு தடவையாவது முதல் மூணுல வந்து மேடை ஏறோணும், இல்லீன்னா அவன் வெலகிக்குவான்னு. அவன் போயிட்டா ராஜலு சார் ஷெட்டப் பூட்டோணும். வேற வழி இல்லீங்க, பவுண்டரியும் அப்ப படுத்துருச்சு. ஷெட்டுல என்னையும் சேத்து ஆறு பேரு. சார் எங்களையெல்லாம் நிக்க வெச்சு இதச் சொன்னாரு. சொல்லீட்டு, 'பாத்துக்க ஆறுச்சாமி'ன்னு என்னப் பாத்துத்தான் சொன்னாரு. அந்தப் பொண்ணப் பாத்துச் சொல்லல. அத நீங்க கவனிக்கோணும்.

ரேஸ் ஒண்ணொண்ணாப் போச்சு. எட்டாவது, ஆறாவது, மறுபடி எட்டாவது. கடைசி ரேஸ் ஒண்ணுதான் பாக்கி. சனிக்கெழம. அதுக்கு மொதல் நாள் வெள்ளிக்கெழம ஆயுதபூசை.

ரேஸ் இருக்குதுன்னு ஆயுதபூசைய உட முடியுமுங்களா? எனக்கு வருசம் பூராச் சோறு போடறது அந்த ஸ்பேனரும் ஜாக்கியும்தான். நான் வெச்சா முறையாத்தான் வெப்பேன். டிராக்குலயே எங்க கொட்டகைக்குள்ள மேசையப் போட்டு, வாழையெலை விரிச்சு, எல்லாச் சாமானையும் கழுவித் தொடச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு அடுக்குனேன். கார் மேல இருக்கற கடலைக்குக்கூட ஒரு பொட்டு வெச்சேன். அப்ப நெனப்பு வந்துச்சு, என்ற கையால ஊத்துன தகடு கார்ல சீட்டுக்கு அடியில இருட்டுல கெடக்குதே, அதுதானே எங்கள இந்த வருசம் பூராச் சட்டத்துக்குள்ள நிறுத்தி வெச்சிருக்குதுன்னு. கழட்டிக் கழுவி அதுக்கும் மூணு பட்டை இழுத்துப் பொட்டு வெச்சு மேசையில வெச்சேன். அதுல என்னங்க தப்பு? சாமி காரியம்.

பொரி கடலைத் தாம்பாளம் மேசையில ஒரு பக்கம் சாஞ்சுட்டே இருந்துச்சு. அந்தத் தகடு நல்ல சமமா இருந்ததால அதுமேல தாம்பாளத்த வெச்சேன். கச்சிதமா நின்னுச்சு.

பூசையில வெச்ச சாமான மறுநாள் மறுபூசை போட்டுத்தான் எடுக்கோணும். சனிக்கெழம காலையில சூடத்தக் காட்டி, ஸ்பேனரு, ஜாக்கி எல்லாத்தையும் எடுத்தாச்சு. எட்டு மணிக்குத் தகுதிச் சுத்து, ரேஸ்ல யாரு எந்த எடத்துல கெளம்பறதுன்னு முடிவு பண்றது. அந்தப் பொண்ணு தாளத் தூக்கிட்டு வந்து நின்னுச்சு. பிரேக் ஆயில் ஆச்சுங்களாண்ணா, ஆச்சு. வீல் நட்டு ஆச்சுங்களாண்ணா, ஆச்சு. நான் அப்ப டயர்ல காத்துப் பாத்துட்டு இருந்தேன். 'அண்ணா, வெயிட் பிளேட்டு போட்டாச்சுங்களா?'ன்னு கேட்டுச்சு.

எனக்குச் சுருக்குன்னுச்சு. நாள் கெழமையும் அதுவுமா, அத்தன பேரு முன்னால. 'ஏன் அம்மணி, இருபத்திரண்டு வருசமாக் காரு முடுக்கறவன்கிட்டக் கேக்கற கேள்வியா இது?'ன்னேன். அது மொகம் சுண்டிப்போச்சு. 'இல்லீங்கண்ணா, சும்மா தாளுக்காக'ன்னு டிக் பண்ணிக் கையெழுத்தப் போட்டுருச்சு.

எனக்கு ஞாபகம் இல்லீங்க. சத்தியமா இல்ல. பூசைக் களேபரத்துல யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஞாபகப்படுத்தறதுதானே அந்தத் தாளோட வேல? தாளு வெச்சிருக்கறவ காருக்குள்ள குனிஞ்சு பாக்கோணுமா இல்லையா? சொல்லுங்க.

அன்னைக்குக் காரு பறந்துச்சுங்க. தகுதிச் சுத்துல அஞ்சாவது. விஷ்வக் எறங்கி வந்து 'அண்ணா, இன்னைக்கு கார் சொன்னபடி கேக்குதுண்ணா, என்ன பண்ணுனீங்க?'ங்கறான். நான் அந்தப் பொண்ணுக்குக் கேக்கற மாதிரி சொன்னேன், 'லேப்டாப்புல பாத்தாத் தெரியாது தம்பி, கையில இருக்குது'ன்னு. மொத மூணு காரத்தான் எடை மேடைக்கு ஏத்துவாங்க. அஞ்சாவது வந்ததால நம்ம கார அப்ப யாரும் ஏத்தல.

மூணு மணிக்கு ரேஸு. பதினெட்டு சுத்து. பத்தாவது சுத்துல நாலாவது. பதினஞ்சாவது சுத்துல முன்னால போனவன உள்பக்கமா வெட்டித் தாண்டுனான் பாருங்க விஷ்வக், நான் சொவத்து மேல ஏறி நின்னு அழுதுட்டேன். மூணாவது. ஒம்பது வருசத்துக்கு அப்புறம் மூணாவது. ராஜலு சாருக்குச் சக்கரை, நின்னாக் காலு நடுங்கும், அந்த மனுசன் ஓடி வந்து என்னக் கட்டிப் புடிச்சுட்டாரு. 'ஷெட்டு பொழச்சுதுடா ஆறுச்சாமி'ங்கறாரு. கடலெண்ணெய்க் கம்பெனிக்காரன் ஒவ்வொருத்தருக்கா கை குடுத்துட்டு வாறான். அந்தச் சந்தோசம் என்ற கல்யாணத்துலகூட எனக்கு இல்லீங்க. அந்தப் பொண்ணுக்குக்கூட ஒரு கைப்பிடி பொரிய அள்ளிக் குடுத்தேன். அதே தாம்பாளத்துல இருந்துதான்.

அப்புறம் எடை மேடை. மொதக் காரு சரி. ரெண்டாவது காரு சரி. நம்ம காரு மூணு கிலோ அறநூறு கொறையுது.

நான் உட்டேனா? மேடை கோணல்ன்னேன். மறுபடி போடுன்னேன். கார எறக்கி ஏத்தி மூணு தடவ போட்டாங்க. மூணு தடவையும் அதே மூணு கிலோ அறநூறு. 'கறிக்கடைத் தராசு இதவிட நாணயமா இருக்கும்'னு அதிகாரி மூஞ்சிக்கு நேராச் சொன்னேன். பையன் தண்ணி குடிக்காம ஓட்டியிருப்பான், வேர்த்து எடை கொறஞ்சிருக்கும்னேன். மூணு கிலோ வேர்க்கறதுக்கு அவனென்ன ஒட்டகமா? எனக்கே தெரியுது. ஆனா வாயி நிக்கல.

அந்தப் பொண்ணு எங்க கொட்டகைக்குப் போச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு நானும் பின்னாலயே போனேன். தாம்பாளத்த ஒரு கையில தூக்கிப் புடிச்சுட்டு நிக்குது. அடியில தகடு. மூணு பட்டை, நடுவுல குங்குமம். நான் வாசல்ல நிக்கறதப் பாத்துச்சு. நானும் அதப் பாத்தேன். வெளிய ராஜலு சாரு 'என்னாச்சு, என்னாச்சு'ன்னு கேட்டுட்டு இருக்கறது காதுல உழுகுது.

தாம்பாளத்தப் பொறுமையாக் கீழ வெச்சுது. தகட்ட எடுத்து அதோட பைக்குள்ள போட்டுக்கிட்டு, என்னத் தாண்டி வெளிய போயிருச்சு.

அதிகாரிங்க ரூமுல கூப்பிட்டு வெச்சாங்க. ராஜலு சாரு, அந்தப் பொண்ணு, நானு. அதிகாரி தாள மேசை மேல போட்டு, 'இதுல யாரு கையெழுத்து?'ன்னான். 'என்னுதுங்க'ன்னுச்சு. 'தகடு இருந்துச்சா, பாத்தீங்களா?' 'பாக்கலீங்க. பாக்காம டிக் பண்ணீட்டேன். என்ற தப்புங்க.' அவ்வளவுதான், அஞ்சு நிமிசம். நம்ம பேர அடிச்சுட்டு நாலாவது வந்தவன மேடை ஏத்துனாங்க.

நான் அங்கயேதானே நின்னேன். என்ன யாரும் கேக்கலீங்க. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். தாளப் பத்தித்தான் கேட்டாங்க. தாளு என்னுதில்ல. நான் ஏன் நடுவுல பூந்து பேசோணும்? வலியப் போயித் தலையக் குடுக்கறதுக்கு நானென்ன கேனையனா?

ராஜலு சார் வெளிய வந்து அந்தப் பொண்ணத் திட்டுனாரு. அந்த மனுசன் வாயில அப்படியொரு சொல்லு நான் கேட்டதே இல்ல. 'உன்ன நம்பி இத்தன பேரு சோத்த உன் கையில குடுத்தேனே'ங்கறாரு. அது தலையக் குனிஞ்சுட்டு நிக்குது. அப்புறம் சாரு என்ற தோள்ல கைய வெச்சு, 'உன்ற பேச்சக் கேட்டிருக்கோணும் ஆறுச்சாமி, தாளாவது மண்ணாவது'ன்னாரு. நானும் தலைய ஆட்டுனேன்.

தீபாவளிக்கு முந்தியே ஷெட்டப் பூட்டியாச்சு. கார ஓசூர்க்காரன் ஒருத்தன் வந்து லாரியில ஏத்திட்டுப் போனான். பெங்களூர்ல பெரிய டீம் ஒண்ணு அந்தப் பொண்ணக் கூப்பிட்டு வெச்சிருந்துச்சு, அடுத்த சீசனுக்கு. இந்தச் சேதி போனதும் அவங்களும் வேண்டான்னுட்டாங்க. எடை பாக்காமக் கையெழுத்துப் போட்ட பொண்ணுன்னு டிராக்கு பூராப் பேராயிருச்சு. இப்ப கணபதி ஏரியாவுல ஒரு கம்பெனியில, டிராக்டர் பாகம் சரியா இருக்குதான்னு பாத்து அனுப்பற வேல. படிச்ச புள்ள, எப்படியோ பொழச்சுக்கும்னு நெனச்சேன்.

உங்க வண்டியத்தான் இப்ப ஏத்தறாங்க. இருங்க, ஆளுங்க பாத்துக்குவாங்க.

போன மாசம் அந்தப் பொண்ணு இங்க வந்துச்சுங்க. அவங்கப்பா காருக்கு அலைன்மென்ட் பாக்கோணும்னு. நான் இங்க இருக்கறது அதுக்குத் தெரியாது. பள்ளத்துல இருந்து தலையத் தூக்குறேன், எதுத்தாப்புல நிக்குது. 'நல்லா இருக்கீங்களாண்ணா? சக்கரையெல்லாம் பாத்துக்கறீங்களா?'ன்னு கேக்குது. எனக்குச் சக்கரை இல்ல, ராஜலு சாருக்குத்தான். ஆனாலும் தலைய ஆட்டுனேன்.

அந்த வண்டிக்கு நான் வேல செஞ்ச மாதிரி என்ற சொந்த வண்டிக்குச் செஞ்சதில்லீங்க. வேற ஒருத்தன தொட உடல. அலைன்மென்ட் பாத்து, டயர மாத்திப் போட்டு, நட்டு நட்டா முடுக்கி, கைய தொடச்சுட்டு, 'ஆச்சு அம்மணி'ன்னேன்.

'ஸ்பேனர் கொஞ்சம் குடுங்கண்ணா'ன்னுச்சு. எதுக்குன்னு புரியாமக் குடுத்தேன். சுடிதாரோட அந்த மண்ணுல மண்டி போட்டு உக்காந்துச்சு. மொதச் சக்கரத்துல நாலு நட்டு, ஒவ்வொண்ணா ஸ்பேனரப் போட்டு அழுத்திப் பாத்துச்சு. எந்திரிச்சு அடுத்த சக்கரத்துக்குப் போச்சு. இங்க வேல பாக்கறவனெல்லாம் நின்னு பாக்கறான். சீஃப் மெக்கானிக்கு ஆறுச்சாமி முடுக்குன நட்ட ஒருத்தி திருப்பிப் பாக்கறா. எனக்கு ஒடம்பு பூராக் கூசிப்போச்சு.

'என்ன அம்மணி இது?'ன்னேன். அது நிமிந்து பாத்து, 'தப்பா நெனைக்காதீங்கண்ணா. இப்பெல்லாம் எங்கயுமே நானே பாத்தாத்தான் எனக்கு மனசு அடங்குது. ஆபீஸ்லயும் அப்படித்தான், வீட்டுல கேஸ் மூடுனனான்னு மூணு தடவ எந்திரிச்சுப் போயிப் பாக்கறேன். அம்மா திட்டறாங்க'ன்னு சொல்லிச் சிரிச்சுச்சு. குத்திக் காட்டலீங்க. உள்ளதச் சொல்லுச்சு. சொல்லிப்போட்டு மூணாவது சக்கரத்துக்கு நகந்துருச்சு.

ஒண்ணாவது லூசா இருக்கோணும்னு சாமியக் கும்புட்டேனுங்க. தொழில்ல இருக்கறவன் கும்புடற கும்புடா அது? ஒரு நட்டு லூசா இருந்திருந்தா அது என்னத் திட்டியிருக்கும். அது திட்டியிருந்தா, 'இது மட்டுமில்ல அம்மணி, அன்னைக்கு அந்த ரூமுல தப்ப ஒத்துக்க வேண்டியவனும் நான்தான்'னு வாயத் தொறந்திருப்பேன். பதினாறும் கல்லாட்டம் இருந்துச்சு. 'சரியா இருக்குங்கண்ணா'ன்னு ஸ்பேனரக் கையில குடுத்துட்டு, முழங்கால்ல ஒட்டுன மண்ணத் தட்டிட்டு, வண்டிய எடுத்துட்டுப் போயிருச்சு.